ஆர்ம்ஸ் இருந்தது, அம்மாவைத் தூக்க முடியலை

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, ட்ரெய்னரும் இல்லை. ஹிஞ்சவாடியில் பொட்டி தட்டிப் பிழைக்கும் ஆசாமி. முதுகுவலி, பிரஷர், சுகர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகப் போய் எதையும் தூக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மா ஊரிலிருந்து புனே வந்திருந்தார். அறுபத்தெட்டு வயசு. ஒரு சனிக்கிழமை காலையில் பால்கனியில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். (வாக்கட்டில் முருங்கைக்கீரை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கும் தமிழர்களுக்குத் தெரியும்.) ஆய்ந்து முடித்தவர் எழுந்திருக்கவில்லை. "ஏல, ஒரு கை குடு"ன்னார்.

கை கொடுத்தேன். எழ முடியவில்லை. ரெண்டு கையையும் பிடித்து இழுத்தேன். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். சரி, தூக்கிவிடலாம் என்று குனிந்தேன். இடுப்பில் 'சுரீர்' என்றது. அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் தரையில் :-(

அந்த நேரத்தில் என் நிலைமை என்ன தெரியுமா? பதினாலு மாசமாக ஜிம் போய்க்கொண்டிருந்தேன். கை பதினைந்து இஞ்ச். டி-ஷர்ட்டின் கை இறுக்கமாக நிற்கும். ஆபீஸில் "க்யா பாடி பனாயா ஹை" என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தர் கொஞ்சம் உண்மையாகவே கேட்டார்.

எங்கள் சத்தம் கேட்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாவ்ஷி ஓடி வந்தார். அவர் எடை நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். அம்மாவுக்குப் பின்னால் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அக்குளுக்குள் ரெண்டு கையையும் விட்டு, அம்மாவைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மராட்டியில் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்தார். அவ்வளவுதான். அம்மா நின்றுகொண்டிருந்தார். அப்புறம் என்னையும் பார்த்தார். எனக்கு மட்டும் கை கொடுக்கவில்லை, சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மூணு வாரம் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. பதினாலு மாசமும் நான் எதைத்தான் பயிற்சி செய்தேன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. கண்ணாடியில் தெரிகிற தசைகளுக்குத்தான் வேலை கொடுத்திருக்கிறேன். நெஞ்சு, கை, தோள், பிறகு அந்தக் காணாமல் போன வயிற்றுக் கட்டுகள். முதுகும் பின்தொடையும் கண்ணாடியில் தெரியாது, அதனால் அதற்கு லீவு. காலுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள், அன்றைக்குப் பார்த்து எனக்கு எப்பவும் மீட்டிங் இருக்கும். எல்லாமே மெஷினில் உட்கார்ந்தபடி. கீழே கிடக்கிற ஒரு பொருளைக் குனிந்து எடுத்து நிமிர்வது என்ற ஒரே ஒரு காரியத்தை அந்தப் பதினாலு மாசத்தில் நான் ஒருமுறைகூட ஒழுங்காகச் செய்யவில்லை.

ஜிம்மையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். சேரும்போது "க்யா கோல் ஹை, சர்?" என்று ட்ரெய்னர் கேட்டார். சுவரில் இருந்த 'முன்பு - பின்பு' போட்டோவைக் காட்டி "இந்த மாதிரி" என்றேன்.

எங்கள் ஊர் வள்ளியூர்ப் பக்கம். அங்கே பலத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு, இளவட்டக்கல். தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உருண்டையான, வழவழப்பான கல். பிடி கிடையாது, கயிறு கிடையாது. குத்த வைத்து உட்கார்ந்து கல்லைக் கட்டிப்பிடிக்க வேண்டும். முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் போட வேண்டும். அந்தக் காலத்தில் இதைத் தூக்கினால்தான் பொண்ணு கொடுப்பார்கள் என்று கதை சொல்வார்கள். எங்கள் பக்கத்து வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் இன்றைக்கும் போட்டி நடக்கிறது. 129 கிலோ வரைக்கும் கற்கள் இருக்கின்றன. பெண்களும் தூக்குகிறார்கள்.

மாவ்ஷி அம்மாவைத் தூக்கியதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குத்த வைத்தது, நெஞ்சோடு சேர்த்தது, காலால் எழுந்தது. அப்படியே இளவட்டக்கல் முறை! நான் செய்தது காலை விறைப்பாக வைத்து, முதுகை வில்லாக வளைத்து, கையால் இழுத்தது. ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் "அப்படித் தூக்காதல, பிடிச்சுக்கும்" என்று சொல்லியிருப்பார்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மராட்டிய நண்பர் ஒருவர் என்னைப் பேட்டைப் பக்கம் ஒரு தாலீமுக்குக் கூட்டிப்போனார். பழைய புனேயில் தாலீம் என்றால் மல்யுத்தக் கூடம். சுக்ரவார் பேட்டையில் இருக்கும் சிஞ்சேச்சி தாலீம் பேஷ்வா காலத்தது என்கிறார்கள். பேரைத் தமிழில் சொன்னால் புளியமரத் தாலீம். நம் ஊரிலும் பெரியவர்கள் தாலீம்கானா என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். நம் தண்டாலும் இவர்களுடைய 'தண்ட்'டும் ஒரே குடும்பம்.

நாங்கள் போன இடத்தில் செம்மண் குழி. எண்ணெய், மோர், மஞ்சள் எல்லாம் கலந்து பதப்படுத்திய மண், ஒரு தனி வாசனை. சுவரில் அனுமார் படம். மூலையில் கர்லாக்கட்டைகள். பையன்கள் தண்டால் போட்டுக்கொண்டிருந்தார்கள், எண்ணி முடிக்க எனக்குப் பொறுமை இல்லை. ரெண்டு மூணு பேருக்கு நல்ல தொப்பையே இருந்தது. வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, உள்ளே ஒரு கண்ணாடிகூட இல்லை! எங்கள் ஜிம்மில் நாலு சுவரும் கண்ணாடி.

"அழகா இருக்கணும்னு நினைக்கிறது தப்பா?" என்று தங்கமணி கேட்டார். தப்பே இல்லை. நானும் சாமியார் கிடையாது. அந்த ஆசை இல்லாவிட்டால் நான் ஜிம் வாசலையே மிதித்திருக்க மாட்டேன். 2008-ல் வாரணம் ஆயிரம் வந்தபோது எத்தனை பையன்கள் டம்பெல் வாங்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உடம்பழகைக் காட்டிப் பரிசு வாங்கியவர்களைக் கேலி செய்யவும் எனக்கு மனசு வராது. வங்காளத்து மனோகர் ஐச் நாலடி பதினோரு அங்குல உயரம். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப்படையில் ஒரு அதிகாரியை அறைந்து ஜெயிலுக்குப் போனவர், ஜெயிலில்தான் பயிற்சியைத் தீவிரமாக்கினார். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் ஜெயித்தார். 2016-ல் 104 வயதில் காலமானார். அந்தத் தலைமுறைக்குப் பலம்தான் மரம், அழகு அதில் காய்த்தது.

நான் சொல்வது, அழகையே இலக்காக வைத்தால் என்ன ஆகிறது என்பதைப் பற்றி. முதல் விஷயம், அளவுகோல் நம் கையில் இருப்பதில்லை. காலையில் கண்ணாடியில் நன்றாக இருக்கிற உடம்பு, ராத்திரி பிரியாணிக்குப் பிறகு நன்றாக இல்லை. பாத்ரூம் லைட்டில் தெரிகிற கட்டு ஆபீஸ் லைட்டில் தெரிவதில்லை. மேடை ஏறுகிற தொழில்முறைக்காரர்கள் பலர் போட்டிக்கு முன்னால் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு உச்சத்தில் இருப்பதாகத் தோன்றும் அந்த நாளில் அவர்களுக்கு உடம்பில் தெம்பே இருக்காது. இரும்பு அப்படி இல்லை. 60 கிலோ என்றால் வாக்கட்டிலும் 60, வள்ளியூரிலும் 60. போன மாசம் தரையை விட்டு எழவில்லை, இந்த மாசம் எழுகிறது. லைக் போட யாரும் வேண்டாம்.

இரண்டாவது, அவசரம். 'மூணு மாசத்தில் மாற்றம்' என்று போஸ்டர் ஒட்டினால், இயற்கையாக மூணு மாசத்தில் வராததை ஊசியில் தேட ஒருத்தன் இருப்பான். மெஃபென்டெர்மைன் என்று ஒரு மருந்து. அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் அதை ஏற்றுவதற்கு டாக்டர்கள் போடுவது. இதை ஜிம் பையன்களுக்குத் திருட்டுத்தனமாக விற்றவர்களைப் புனே போலீஸ் பிடித்த செய்தி ஒரு தடவை அல்ல, பல தடவை வந்திருக்கிறது. ஸ்டீராய்டு கதை வேறு. வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். இதயத்துக்கும் கேடு. நம் வீட்டுப் பிள்ளைகள் பதினேழு பதினெட்டில் ஜிம்முக்குப் போகிறார்கள். அங்கே என்ன பேச்சு நடக்கிறது என்று அப்பா அம்மாக்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நம் உடம்பின் தோற்றமே நம்மை ஏமாற்றும். இதைக் கண்டு சொன்னதும் இதே புனேதான்.

இங்கே கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் என்ற சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர். 2004-ல் லான்செட் இதழில் அவரும் ஜான் யுட்கின் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் சேர்ந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். ரெண்டு பேரும் ஒன்றாக நிற்கிற போட்டோவும் அதில் உண்டு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, அச்சு அசலாக ஒன்று. எக்ஸ்-ரே ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் ஆள் உடம்பில் 21.2 சதவீதம்! தராசும் சட்டையும் காட்டாத கதை இது. 1993-ல் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவருடைய குழு தொடங்கிய ஆய்வில், பிறந்த குழந்தையிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். இங்கே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தை எல்லா வகையிலும் சின்னது, தசை குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான குண்டு' என்று நாம் விளையாட்டாகச் சொல்வதை அவர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால் "நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு வெயிட்டு?" என்று கேட்கிற ஆசாமிதான் முதலில் வெயிட்டைத் தொட வேண்டியவர். நம் ஆட்கள் செய்வதோ நேர் எதிர். எடையைக் குறைக்கிறேன் என்று சோற்றை நிறுத்திவிட்டு ட்ரெட்மில்லில் ஓடுகிறார்கள். இருக்கிற கொஞ்சம் தசையும் சேர்ந்து கரைகிறது. தராசு சந்தோஷப்படுகிறது.

சரி, பலம் என்றால் பெரிய தசை என்றுதானே அர்த்தம், ரெண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பாதி உண்மை. பெரிய தசையால் அதிகம் தூக்க முடியும். ஆனால் இருக்கிற தசையில் எவ்வளவை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடுவது என்பதை நரம்புகள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு இதுதான்.

1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். எட்டு வாரம் தொடைக்கு நல்ல கனமான பயிற்சி. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான் கூடியது. ரெண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடக்க ஆரம்பித்தார்கள். இவர்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

பயிற்சி முறையும் கொஞ்சம் வேறு. பலத்துக்கு எடை அதிகம், தடவை குறைவு. ஒரு செட்டுக்கு மூணு முதல் ஐந்து தடவை, நடுவில் மூணு நாலு நிமிஷம் ஓய்வு. குனிந்து எடுப்பது, உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது என்று உடம்பு முழுக்கச் சேர்ந்து செய்கிற நாலைந்து காரியம். தசை பெருக்க எட்டு, பத்து, பன்னிரண்டு என்று தடவை கூடும். ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகப் பிடித்துக் கசக்குவார்கள். ரெண்டுக்கும் நடுவில் சீனப் பெருஞ்சுவர் ஒன்றும் இல்லை. ஒன்றைச் செய்தால் இன்னொன்றும் கொஞ்சம் வரும்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ எடைப்பிரிவில் 149 கிலோ ஸ்னாட்ச், 179 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டிலும் தங்கம். எடை 77 கிலோவுக்குள் என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் அபார்ட்மெண்டில் அந்த எடையில் பாதிப் பேர் இருக்கிறோம். அதே எடை, அதில் ஒருத்தர் 179 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்துகிறார். நாங்கள் லிஃப்ட் ரிப்பேர் என்றால் வாட்ச்மேனைத் திட்டுகிறோம்.

பலம் பலம் என்று மட்டும் போனாலும் வம்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவன் 100 போடுகிறான் என்று நாமும் 100 போட்டு டிஸ்க் நகர்ந்து படுத்தவர்கள் உண்டு. "நான் பலசாலி, தொப்பை பரவாயில்லை" என்பதும் நம் ஆட்களுக்கு ஆகாது. யாஜ்னிக் காட்டிய கொழுப்பு அங்கேதான் குடியிருக்கிறது. அதனால் இடுப்பளவு டேப்பை மட்டும் நான் தூக்கிப்போடவில்லை.

2015-ல் லான்செட்டில் இன்னொரு ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் கிட்டத்தட்ட 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்து சுமார் நாலு வருஷம் கவனித்தார்கள். பிடியில் 5 கிலோ குறையக் குறைய சாவின் வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. ரத்த அழுத்தத்தைவிட இது நன்றாக முன்கூட்டிச் சொன்னது. அதற்காகப் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் ஆயுசு கூடும் என்று அர்த்தமில்லை. பிடி என்பது உடம்பு முழுக்க எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

டாக்டர் பச்சைக்கொடி காட்டியதும் காலி பார்பெல்லில் ஆரம்பித்தேன், 20 கிலோ. ட்ரெய்னருக்கு என் மேல் பெரிய வருத்தம். "சர், ஆர்ம்ஸ் சலா ஜாயேகா" என்றார். போகத்தான் செய்தது, அரை இஞ்ச். இப்போது டெட்லிஃப்ட் 90 கிலோ, ஸ்குவாட் 70. இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைந்திருக்கிறது. ஆபீஸில் "பாடி பனாயா" என்று கேட்டவர் "ஜிம் சோட் தியா க்யா?" என்று கேட்டார் :-)

தங்கமணிக்கு முதலில் பயம், ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்று. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அந்த அளவுக்குக் கிடையாது, மேடைப் பெண்களின் உடம்பு ரெண்டு டம்பெல்லில் வருவதில்லை என்று எடுத்துச் சொன்னேன். நான் சொல்லி எப்போது கேட்டிருக்கிறார்? ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது 20 லிட்டர் தண்ணி கேனைத் தானே ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அம்மாவுக்கு நாற்காலிதான் பார்பெல். முதலில் நாற்காலியில் ரெண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வைத்தோம். மூணு தடவைக்கே மூச்சு வாங்கியது. பிறகு ஒரு தலையணை. பிறகு வெறும் நாற்காலி. ஊருக்குப் போவதற்குள் ஒரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து தானே எழுந்துவிட்டார். அன்றைக்கு மாவ்ஷி கை தட்டினார்.

போன ஞாயிறு போன் பண்ணினேன். "இன்னைக்குப் பன்னெண்டு தடவை எந்திச்சேன். உன் சித்தியால அஞ்சுதான் முடிஞ்சுது" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. எங்கள் தெருமுனைக் கோயில் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது. சின்ன வயசில் அதன் மேல் உட்கார்ந்து ஐஸ் தின்றிருக்கிறோம், ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. எத்தனை கிலோ என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதற்கும் மாவ்ஷிக்கும் ஒரு டிக்கெட் போட்டுவிடலாமா என்று தங்கமணி கேட்கிறார்.